தீவுக்காரர்கள் நாலு பேர்

எங்கள் வீட்டில் ரேடியோவுக்கென்று ஒரு இடம் இருந்தது: கிணற்றடித் துவைகல். வீட்டுக்குள் வைத்தால் இரைச்சல்தான் வரும். துவைகல்லில் வைத்துக் கொஞ்சம் கிழக்கே திருப்பிவிட்டால் கொழும்பு பக்கத்து வீடு மாதிரி பேசும். அப்பா அதற்காகவே கல்லின் ஒரு மூலையில் ரேடியோ அளவுக்குச் சிமெண்டு பூசி மட்டம் பண்ணி வைத்திருந்தார். அம்மா துவைக்க வந்தால் ரேடியோ கிணற்றுச் சுவருக்குப் போகும். அங்கே ஸ்டேஷன் லேசாக நழுவும். துவைத்து முடிக்கும்வரை சிங்களம்தான்.

தங்கச்சிமடத்துக்காரனுக்கு இதெல்லாம் பெருமை பேசுகிற விஷயமில்லை. தலைமன்னார் எங்களுக்கு மதுரையைவிடக் கிட்டே. 1988இல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை எங்கள் ராமேஸ்வரம் தீவை விட்டு மதுரைப் பக்கம் போக ரயில் ஒன்றுதான். ரயில் ஏறாத நாட்களில் உலகம் காற்றில் வந்தது, அதுவும் கிழக்கேயிருந்து வந்தது. 'சிலோன் ரேடியோ' 1972லேயே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பேர் மாறிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அந்தப் பேரை முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தத் துவைகல்லில்தான் போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டை முதல்முதலாகக் கேட்டேன். பத்துப் பதினோரு வயது இருக்கும். தமிழ்ச் சேவையைத் தேடிக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்த கை ஆங்கிலச் சேவையில் நின்றுவிட்டது. ஒரு பெண் குரல். அதற்குக் கீழே இன்னொரு பெண் குரல். அதற்கும் கீழே, கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுகிற மாதிரி ஒரு ஆண் குரல். பாட்டு ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் மூன்று வழியில் போகிறார்கள். ஓரிடத்தில்கூட முட்டிக்கொள்ளவில்லை. நான் நிஜமாகவே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அதுவரை எனக்குத் தெரிந்த கூட்டுப்பாட்டு வேறு மாதிரி. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுத்துக் கொடுப்பார், இருபது பேர் வாங்கிப் பாடுவார்கள். இருபது பேருக்கும் மெட்டு ஒன்றே. பூசைப் பாட்டும் அப்படித்தான், உபதேசியார் ஆர்மோனியத்தில் இழுக்கிற இழுப்புக்கு ஊரே போகும். கச்சேரி மேடையிலும் கூடப் பாடுகிறவர் அதே ராகத்தைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான். நாயனத்தில் மட்டும் ஒத்து என்று ஒன்று உண்டு. ஒருவர் ராகத்தில் எங்கெங்கோ போய் வருவார், பக்கத்தில் இன்னொருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அந்த மனிதருக்கு நம் மொழி கொடுத்த மரியாதையைப் பாருங்கள்: 'ஒத்து ஊதுகிறான்' என்று ஒரு வசவு.

நான் வாழ்க்கை முழுக்க ஒத்து ஊதினவன். பாடகர் குழுவில் செகண்ட் வாய்ஸ். அதனால்தான் இந்தக் கட்டுரை.

போனி எம் பிறந்த கதை கொஞ்சம் கோணலானது. ஜெர்மனியில் கிர்ன் என்ற சிற்றூரில் 1941இல் பிறந்த பிரான்ஸ் ராய்ட்டர் என்பவர் சமையல்காரராகப் பழகியவர். பாட்டு ஆசை பிடித்து ஃபிராங்க் ஃபேரியன் என்று பேரை மாற்றிக்கொண்டு பாடினார், பாட்டு தயாரிக்கவும் செய்தார். 1975இல் ஒரு நடனப் பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்தார். கீழ்க்குரலும் அவரே, மேலே கீச்சென்று வருகிற பெண்குரல் மாதிரியான குரலும் அவரே. தன் பேரைப் போடாமல் வேறு ஒரு பேர் தேடினார். அப்போது டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரின் நாயகன் பேர் போனி. அதோடு ஒரு 'எம்' சேர்த்தார். போனி எம். ஆள் சேர்ப்பதற்கு முன்னாலேயே குழுவுக்குப் பேர் வந்துவிட்டது.

அந்தப் பாட்டு ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் ஓடத் தொடங்கியது. டிவியில் வந்து பாட ஆள் வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு சமையல்காரர்தான் இருக்கிறார், அவரும் மேடையேற விரும்பவில்லை. அப்புறம்தான் ஆள் பிடித்தார்கள். வந்தவர்கள் போனார்கள், போனவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வந்தார்கள். 1976இல் நாலு பேர் நிலைத்தார்கள். லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மெய்ஸி வில்லியம்ஸ், பாபி ஃபாரல்.

இந்த நாலு பேரைப் பற்றி நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு விஷயம்தான் முதலில் கண்ணில் பட்டது. நாலு பேரும் தீவில் பிறந்தவர்கள். லிஸ்ஸும் மார்சியாவும் ஜமைக்கா. மெய்ஸி, மான்ட்செராட் என்கிற பொட்டுத் தீவு. பாபி, வெனிசுவேலாவுக்கு எதிரே இருக்கிற அரூபா. பாபி பதினைந்து வயதில் ஊரை விட்டுக் கப்பலில் வேலைக்குப் போனவர். நார்வேயில் கொஞ்ச காலம், அப்புறம் ஹாலந்து, அப்புறம் ஜெர்மனி. எங்கள் தெருவில் பதினைந்து வயதில் கடலுக்குப் போகாதவனை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் கடலுக்குப் போய் டிஸ்கோ ஆட்டக்காரனாகத் திரும்பியவன் யாருமில்லை.

ஒருவனைத் தவிர. அவனுக்கு வருகிறேன்.

1976இலிருந்து நாலைந்து வருடம் அவர்களுக்கு ஓட்டமோ ஓட்டம். 'டாடி கூல்' ஜெர்மனியில் முதலிடம். அடுத்த ஆண்டு 'மா பேக்கர்', மார்சியா முன்குரலில் பாடிய 'பெல்ஃபாஸ்ட்'. 1978தான் உச்சம். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அது இறங்கி இருபதாம் இடம்வரை வந்தபோது வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள். 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'. ஜமைக்காவில் குழந்தைகள் வட்டமாக நின்று, நடுவில் ஒரு பிள்ளையை ஆடவிட்டுப் பாடுகிற விளையாட்டுப் பாட்டு அது. நம் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிற மாதிரிதான். அந்தப் பாட்டு அதே தட்டை மறுபடி இரண்டாம் இடத்துக்கு ஏற்றியது. பிரிட்டனில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு. அதே வருடம் கிறிஸ்துமஸுக்கும் அங்கே முதலிடம் இவர்களுக்குத்தான், ஹாரி பெலஃபான்டே 1956இலேயே பாடிவைத்திருந்த ஒரு பாலன் பிறப்புப் பாட்டு. டிசம்பரில் மாஸ்கோவுக்குப் போய்ப் பத்து நிகழ்ச்சி நடத்தினார்கள். பனிப்போர் காலத்தில் மேற்கிலிருந்து இப்படி ஒரு பாப் குழு அங்கே போவது பெரிய காரியம். ரஷ்யாவில் ஜார் மன்னர் அரண்மனையில் செல்வாக்காக இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றிய பாட்டை மட்டும் அங்கே பாடவில்லை. அப்போது 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழுவழுப்பான தாளில்தான் நாங்கள் நோட்டுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டில் டிராக்டர்தான் இருந்தது. போனி எம் வரவில்லை.

சரி, இப்போது அந்த விஷயம். ரிக்கார்டில் கேட்கிற அந்தக் கிணற்றுக்குரல் பாபி ஃபாரலுடையது இல்லை. ஃபேரியனுடையது. ஸ்டுடியோவில் பாடியது லிஸ், மார்சியா, ஃபேரியன், இந்த மூவர்தான். ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கடுக்காக வைத்து, மூன்று பேரை ஒரு கூட்டமாக்கினார்கள். பாபியும் மெய்ஸியும் மேடைக்கு. பாபி வாயசைப்பார், உடம்பே தனித்தனியாகக் கழன்று ஆடுவதுபோல ஆடுவார். ஃபேரியன் பின்னாளில் இதை மறைக்கவும் இல்லை.

இது தெரிந்தபோது மேற்கே சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கோபம் கடைசிவரை புரியவில்லை. எம்.ஜி.ஆர். குதிரையில் போய்க்கொண்டே பாடினால் அது டி.எம்.எஸ். என்று தெரியாதவர் எங்கள் டூரிங் டாக்கீஸில் யாராவது இருந்தார்களா? சிவாஜிக்கும் அதே டி.எம்.எஸ்.தான். தெரிந்தே விசிலடித்தோம். முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பது நமக்கு மோசடி இல்லை, தொழில் பிரிவினை. டைட்டிலில் பேர் போட்டால் போதும். ஃபேரியன் செய்த தப்பு பேர் போடாததுதான். அதே மனிதர் பத்து வருடம் கழித்து மிலி வனிலி என்று இரண்டு பையன்களை அதே மாதிரி நிறுத்தினார். பாடியவர்கள் வேறு. அந்தப் பையன்களுக்குக் கொடுத்த கிராமி விருதை 1990இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவமானம் முழுக்க முகங்களுக்கு. நிறுத்தினவர் அடுத்த பாட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இதில்தான் எனக்குக் கோபம்.

பாபியை நான் 'பார்த்தது' இலங்கை டிவியான ரூபவாஹினியில். 1982இல் அது தொடங்கியபோது எங்கள் தீவில் டிவி வைத்திருந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் பனைமர உயரத்துக்குக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டினார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் ஒன்று. அவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர், ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் மாதம் ஒருமுறை வந்து போவார். டிவி படம் புள்ளி புள்ளியாக வரும். காற்று அடித்தால் ஒருவன் வெளியே போய்க் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் குழாயைப் பிடிக்கும் முறை என்னுடையது. ஜன்னல் வழியாக அரைகுறையாகத்தான் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவன் சித்தப்பா மகன். மறுநாள் காலையில் அவன் வடகடல் கரையில் ஈர மணலில் அந்த ஆட்டத்தை அப்படியே ஆடிக் காட்டினான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவன் பேர் டிஸ்கோ. இன்றைக்கு அவன் பேரன்கூட டிஸ்கோ தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான்.

டிஸ்கோவுக்குப் பாட வராது. கொஞ்சங்கூட வராது. சுதி என்று ஒன்று இருப்பதே அவன் காதுக்குத் தெரியாது.

சித்தப்பா ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார், ஸ்டீரியோ. கேசட்டுக்கு நான் ராமநாதபுரம் போனேன். ஒரு கடையில் ரிக்கார்டு பண்ணிக் கொடுப்பார்கள். போனி எம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு வாரம் கழித்து வாங்கிவந்தேன், தங்கச்சிமடம் வந்து போட்டால் முதல் பக்கம் சரி, இரண்டாம் பக்கம் பாதியில் ஒரு ஒப்பாரி மாதிரி தெருக்கூத்துப் பாட்டு. பழைய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறார். கேட்டதற்கு, 'மீதி டேப் சும்மாத்தானே கிடக்கும், அதான் அழிக்கல' என்றார் கடைக்காரர். இன்றுவரை ரஸ்புடின் பாட்டு முடிந்ததும் என் மனசு துரியோதனனை எதிர்பார்க்கும்.

அந்தக் கேசட்டில்தான் நான் செகண்ட் பாடப் படித்தேன். டூ-இன்-ஒன்னில் பேலன்ஸ் குமிழ் ஒன்று இருக்கும். அதை ஒரு ஓரத்துக்குத் திருகினால் சில குரல் அடங்கிச் சில குரல் முன்னால் வரும். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து, நடுக்குரல் மட்டும் எங்கே போகிறது என்று பிடிப்பேன். நாலு சொல் கேட்டு நிறுத்து, பென்சிலால் சுற்று, மறுபடி கேள். மேல்குரல் 'ப'வில் நின்றால் நடுக்குரல் 'க'வில் நிற்கிறது, கீழ்க்குரல் 'ச'வில் உட்கார்ந்திருக்கிறது. மேல்குரல் நகர்ந்தால் நடுக்குரல் எப்போதும் கூடவே நகராது. சில இடத்தில் அப்படியே நிற்கும். மேல்குரல் போய்விட்டுத் திரும்பி வரும். இந்த நிற்கிற இடங்கள்தான் கஷ்டம். கால் தானாக மேல்குரலின் பின்னால் போகப் பார்க்கும். விசைப்படகு போகும்போது எழுப்புகிற அலையில் வத்தையை அசையாமல் பிடிப்பதுபோல இருக்கும்.

கற்றதைக் கோயிலில் பாடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை, காணிக்கைப் பாட்டு. எல்லாரும் மெட்டில் போக, நான் மூன்று சுரம் கீழே. உபதேசியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். கோயில் முழுக்க அமைதி. 'எவன்டா அது அங்க சுதி விலகிப் பாடுறது?' பீடத்தில் சாமியார் வேறு திரும்பிப் பார்த்தார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. விலகவில்லை, அதுவும் சுதிதான் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, வார்த்தையும் இல்லை.

வார்த்தை சொல்ல ஒரு அக்கா வந்தார். 83 கலவரத்துக்கு அப்புறம் கப்பல் நின்றுபோனது, படகில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரவில் கொண்டுவந்து அரிச்சல்முனைத் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், விடிந்ததும் நம் படகுகள் போய் ஏற்றிவரும். அங்கேயிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனங்களை நிறுத்திவைத்து, நோய் பார்த்துக் கப்பலேற்றக் கட்டியது. போகும்போது நின்ற அதே கொட்டகையில் திரும்பி வரும்போதும் நிறுத்தினார்கள். அக்கா மன்னார் பேசாலைக்காரர், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அங்கே கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர்கள் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இங்கே வருவார்.

என் செகண்ட் குரலை அவர்தான் முதலில் புரிந்துகொண்டார். பூசை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார். 'தம்பி, நீர் பாடினது சரி. ஆனா தனியப் பாடினா அது பிழை மாதிரித்தான் கேக்கும். மூண்டு பேர் வேணும்.' அப்புறம் உபதேசியாரிடம் அவரே போய்ப் பேசினார். என்ன பேசினாரோ தெரியாது. அடுத்த வாரம் உபதேசியார் கீழ்க்குரலுக்குத் தானே நிற்கிறேன் என்றார். நல்ல கட்டைக் குரல் அவருக்கு.

1985 கிறிஸ்துமஸுக்குக் கேரல் ரவுண்டு போக ஒரு குழு சேர்ந்தது. அக்கா மேல்குரல், நான் நடு, உபதேசியார் கீழ், முன்னால் டிஸ்கோ. டிஸ்கோ எதற்கு என்று உபதேசியார் கேட்டார். பாம்பனில் ஒரு வீட்டு வாசலில் பாடி முடித்ததும் இனிமேல் அப்படிக் கேட்க மாட்டேன் என்றார். வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் டிஸ்கோவைச் சுற்றி. காணிக்கைத் தட்டில் விழுந்த காசில் பாதி அவனுக்கு விழுந்த காசு. பாதிரி உடை மாதிரி ஒரு சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு வாயை மட்டும் அசைப்பான், ஒரு சொல்லும் வெளியே வரக்கூடாது என்று அக்கா உத்தரவு. எனக்கு பாபி ஃபாரலும் மெய்ஸியும் அந்த மேடையில் என்ன வேலை செய்தார்கள் என்று புரிந்தது அன்றைக்குத்தான். நாங்கள் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு காதால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஜனங்களைப் பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்? அவன்தான் எங்களுக்காகப் பார்த்தான்.

கேரல் முடிந்து திரும்பும்போது டிஸ்கோ பாபிலோன் பாட்டைப் போடச் சொல்லி ஆடினான். தோளில் டூ-இன்-ஒன். மணலில் நடந்துகொண்டே ஆட்டம். அக்கா கொஞ்ச தூரம் சும்மா வந்தார். பிறகு சொன்னார்: 'தம்பி, இது ஆடுற பாட்டு இல்லை. அழுற பாட்டெல்லோ.'

எங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது. ஆறு, பாபிலோன் என்று இரண்டு சொல் தெரியும். அக்கா நடந்துகொண்டே சொன்னார், அது 137ஆம் சங்கீதம். பிடித்துக்கொண்டு போன ஜனங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறார்கள். பிடித்துக்கொண்டு போனவன், எங்கே உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்கிறான். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள். டிஸ்கோ பாட்டை நிறுத்திவிட்டான். 'இல்ல, போடும், போடும்' என்றார் அக்கா. 'அவையும் பாடினவைதானே.'

அந்தப் பாட்டின் முன்கதையைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற மூவர் குழு 1970இல் பாடியது. கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு கரும்புத் தோட்டத்தில் விடப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். ஜமைக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி மார்க்கத்து வழக்கில் பாபிலோன் என்றால் தங்களை அடக்கி வைத்திருக்கிற அரசும் அதிகாரமும். சங்கீதத்துக்குள் தங்கள் மார்க்கத்துச் சொற்களை வைத்துப் பாடியதால் ஜமைக்கா அரசு வானொலியில் தடை பண்ணியது. வேதத்தில் இருக்கிற வரியையா தடை பண்ணுகிறீர்கள் என்று தயாரிப்பாளர் சண்டைக்குப் போக, தடை போய்ப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. ஜெர்மனிக்கு வந்தபோது ஃபேரியன் அந்த மார்க்கத்துச் சொற்களில் முக்கியமானதை எடுத்துவிட்டுக் 'கர்த்தர்' என்று போட்டுவிட்டார். அதனால் உலகம் முழுக்கக் கோயில்களில் பாடலாம் என்றாயிற்று. இழப்பா, லாபமா? ஜமைக்காக்காரர்களுக்கு இழப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சொல் மாறாமல் இருந்திருந்தால் அது பேசாலைக் கன்னியர் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்காது.

சங்கீதத்தின் கடைசி வசனத்தை இரண்டு குழுவுமே பாடவில்லை. பகைவன் பிள்ளைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிற வசனம் அது. அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பேச்சை மாற்றி, இரண்டாம் சரணத்தில் நான் எங்கே இறங்குகிறேன் என்று காட்டச் சொன்னார். அப்புறம் நான் கேட்கவில்லை.

எங்கள் குழு மூன்று கிறிஸ்துமஸ் தாங்கியது. அக்காவின் குடும்பத்தைத் திருச்சிப் பக்கம் வேறு முகாமுக்கு மாற்றினார்கள். டிஸ்கோ சவுதிக்குப் போனான். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

போனி எம்மும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் முடிந்தது. பாபி ஃபாரல் 1981இல் வெளியேறினார். அவருக்குப் பதில் கானாக்காரர் ரெஜி ட்சிபோ வந்தார், நன்றாகவே பாடக்கூடியவர். ஆனால் பாடத் தெரிந்தவர் வந்த பிறகுதான் குழு இறங்கியது என்பது டிஸ்கோவுக்கு இன்றுவரை ரொம்பப் பிடித்த செய்தி. 1986இல் கலைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. லிஸ் ஒரு போனி எம், பாபி ஒரு போனி எம், மெய்ஸி ஒரு போனி எம், மார்சியா தனியாக ஒன்று. ஒரே பேரில் நாலு செட் உலகம் சுற்றியது. பாடாதவர்கள் இருவரும் இப்போது பாட வேண்டியதாயிற்று. யாருடையது அசல் என்று சண்டை. என்னைக் கேட்டால் லிஸ் பக்கம்தான் சொல்வேன். அந்த மேல்குரல் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. ஆனால் மேடையில் பாபி நிற்காத போனி எம்மைப் பார்க்க நான் காசு கொடுக்க மாட்டேன். இரண்டும் உண்மை, என்ன செய்ய.

மெய்ஸியின் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மான்ட்செராட்டில் 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் தலைநகர் பிளிமத் சாம்பலுக்குள் போய்விட்டது. கோயில் கோபுரமும் வீட்டுக் கூரைகளும் சாம்பல் மேட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற போட்டோவை ஒரு பத்திரிகையில் பார்த்தேன். 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடியின் இடிந்த கோயில் சுவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர்.

பாபி ஃபாரல் 2010 டிசம்பர் 30ஆம் தேதி ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நிகழ்ச்சி முடிந்து தங்கியிருந்த ஹோட்டல் அறையில் இறந்துபோனார். ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊர், அதே தேதி, 1916இல். டிஸ்கோதான் எனக்கு போன் பண்ணிச் சொன்னான், அப்போது ஊர் திரும்பிவிட்டான். 'வாயசைச்சதுக்கே இப்படின்னா, பாடியிருந்தா என்ன ஆயிருக்கும்' என்றான். சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. 2024 ஜனவரியில் ஃபேரியனும் போனார். கிணற்றுக்குரல் அவருடையதுதான் என்பதால் எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

அக்கா போர் முடிந்து சில வருடம் கழித்துப் பேசாலைக்கே திரும்பிப் போனார். வாட்ஸ்அப்பில் இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. 'தம்பி, என்ர பங்கை அனுப்பியிருக்கிறன். உம்மட பங்கைச் சேரும்.' அறுபத்தைந்து வயதுக் குரல். மேலே ஏறுகிற இடத்தில் கொஞ்சம் கீறல், ஆனால் சுதி அசையவில்லை. பின்னால் சேவல் கூவுகிறது. என் மகள் போனில் ஏதோ ஒரு ஆப் வைத்திருக்கிறாள், குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். ஹெட்போனில் அக்காவைக் கேட்டுக்கொண்டே நான் நடுக்குரலைப் பாடினேன். நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், இரண்டே இடத்தில் கால் வழுக்கியது. கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை, உபதேசியார் இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதையும் நானே பாடினேன். ஜெர்மன் சமையல்காரர் செய்ததுதானே.

அடுக்கி முடித்துக் கேட்டால் குரல் மூன்றும் சரியாக உட்கார்ந்துவிட்டன. டிஸ்கோ வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். 'அப்ப எனக்கு என்னடா வேலை?'

சாயங்காலம் வடகடல் கரைக்குப் போனோம். வாடைக்காற்று, மணல் முகத்தில் அடிக்கிறது. டிஸ்கோவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகள் போனில் பாட்டைப் போட, அவன் கையை மட்டும் வீசி வாயசைத்தான். தோளிலிருந்து விரல் வரைக்கும் அந்த ஆட்டம் அப்படியே இருக்கிறது. வலை தைத்துக்கொண்டிருந்த பையன்கள் போனை எடுத்து அவர்களும் படம் பிடித்தார்கள். மகள் வீடியோவை அங்கேயே நின்று பேசாலைக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'வடிவா இருக்கு. ஆனா டிஸ்கோத் தம்பி ரெண்டாவது வரியில வாய் அசைச்சது பிழைச்சுப்போச்சு. திரும்ப எடுங்கோ.'

இருட்டுவதற்குள் திரும்ப எடுத்தோம்.